பொன்மலையில் இரவும் வேர்க்கிறது

ஒவ்வொரு சித்திரையிலும் திருச்சி டீக்கடைகளில் ஒரே வாதம் நடக்கிறது. இப்படியொரு வெயிலை ஆயுளில் பார்த்ததில்லை என்பார் ஒருவர். திருச்சியில் என்றைக்கு வெயில் இல்லாமல் இருந்தது என்பார் இன்னொருவர். இரண்டாமவரை எளிதில் மடக்கிவிட முடியாது. திருச்சியின் உச்ச வெப்பநிலையாக நெடுங்காலமாக எடுத்துக்காட்டப்படும் எண் 43.9 டிகிரி செல்சியஸ். அது பதிவான நாள் 1896 மே 2. நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை திருச்சியின் பொன்மலைக்கு இடம்பெயர்ந்ததே 1928இல்தான். அதற்கும் முப்பது ஆண்டுக்கு முந்தைய கோடை அது. அன்றைக்கு ஊரில் தார்ச்சாலை இல்லை, கான்கிரீட் தளம் போட்ட வீடு இல்லை, ஏசி என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் வெயில் பழையதுதானா? உச்ச எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மாற்றம் நிகழ்ந்திருப்பது வேறு இடங்களில். கோடை என்று யாரும் சொல்லாத மாதங்களில் அது நிகழ்ந்திருக்கிறது. ஆண்டின் சராசரியில் நிகழ்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் நிகழ்ந்திருக்கிறது. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் “வெயில் சதம் அடித்த” ஊர்களைப் பட்டியலிடுகின்றன. அந்த 100 டிகிரி ஃபாரன்ஹீட் பகல் நேரத்தின் கணக்கு. அன்றிரவு எத்தனை டிகிரிக்கு இறங்கியது, அல்லது இறங்கவே இல்லை என்பதைத் தேடிப் பிடித்தால்தான் கிடைக்கும். வெப்பத்தை நாம் எதிர்கொள்ளும் விதத்தில் உள்ள பெரிய பிழை இங்கேதான் தொடங்குகிறது.

1896 என்ற ஆண்டுக்கு இந்த விவகாரத்தில் இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. திருச்சி வெந்த அந்த மே நாளுக்குச் சற்று முன், அதே ஆண்டு ஏப்ரலில், ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரீனியஸ் லண்டனிலிருந்து வந்த ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். காற்றில் கரியமில வாயு கூடினால் பூமியின் வெப்பநிலை எவ்வளவு கூடும் என்பதைக் கையாலேயே கணக்குப் போட்டுச் சொன்ன முதல் கட்டுரை அது. பகலில் சூரியன் தரும் வெப்பத்தைப் பூமி இரவிலும் வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. கரியமில வாயு அந்தத் திரும்பும் வெப்பத்தை மறிக்கிறது. ஆகவே அந்த வாயு கூடக்கூடப் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு குறையும் என்றும் அவர் எழுதினார். அந்த அளவுக்கு வாயு சேரப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பது அவருடைய எண்ணம். நடந்தது வேறு. 1958இல் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த கரியமில வாயு, 2025 மே மாதச் சராசரியில் 430ஐத் தாண்டிவிட்டது.

இனி இந்தியாவின் கணக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நாடு தழுவிய பதிவுகள் 1901இல் தொடங்குகின்றன. அன்றுமுதல் இன்றுவரை உள்ள ஆண்டுகளில் மிகச் சூடானது 2024. ஆண்டுச் சராசரி, 1991 முதல் 2020 வரையிலான இயல்பைவிட 0.65 டிகிரி அதிகம். அதற்கு முன் முதலிடத்தில் இருந்த 2016இல் இந்த வேறுபாடு 0.54 டிகிரி. முக்கால் டிகிரிகூட இல்லாத வேறுபாட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கத் தோன்றும். காஷ்மீர் முதல் குமரிவரை, மார்கழிக் குளிரும் ஆடிக் காற்றும் சேர்ந்த 366 நாட்களின் சராசரி அது. அதை அரை டிகிரி நகர்த்த நாடு முழுவதும் மாதக்கணக்கில் சூடு தேங்க வேண்டும்.

அந்த 0.65ஐப் பிரித்துப் பார்த்தால்தான் செய்தி வெளிப்படுகிறது. 2024இல் பகல் உச்ச வெப்பநிலையின் சராசரி இயல்பைவிட 0.20 டிகிரிதான் கூடியது. இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலையின் சராசரி 0.90 டிகிரி கூடியது. பகலை மட்டும் வைத்துத் தரவரிசை போட்டால் அந்த ஆண்டுக்கு முதலிடம் இல்லை. இரவுகளில் 1901க்குப் பிறகு அதற்கு நிகர் இல்லை. அதாவது நாட்டின் மிகச் சூடான ஆண்டு என்ற பெயரை 2024க்கு வாங்கித் தந்தவை இரவுகள். அதே ஆண்டின் அக்டோபரில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 1901க்குப் பிறகு மிகச் சூடான அக்டோபராக அது அமைந்தது. அந்த மாதத்தின் இரவு வெப்பநிலை இயல்பைவிட 1.84 டிகிரி மேலே நின்றது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் இந்தியாவில் பகல்தான் இரவைவிட வேகமாகச் சூடேறி வந்திருக்கிறது. 1901 முதல் 2024 வரை பகல் உச்சம் நூறாண்டுக்கு 0.89 டிகிரி வீதமும், இரவுக் குறைந்தபட்சம் 0.46 டிகிரி வீதமும் ஏறியிருக்கின்றன. அர்ரீனியஸின் கணக்கு இங்கே அப்படியே பலிக்கவில்லை. காற்றின் தூசு, பாசனம், நகரங்களின் பெருக்கம் என்று பல காரணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நாடு இது. ஆனால் அண்மை ஆண்டுகளில் இரவு எட்டிப் பாய்ந்திருக்கிறது. பகல் வெயிலுக்கே பழகிய ஊர்களை அந்தப் பாய்ச்சல்தான் ஆயத்தமில்லாமல் பிடிக்கிறது.

மாதங்களின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. 2025 பிப்ரவரி, 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிகச் சூடான பிப்ரவரி. இயல்பைவிட 1.34 டிகிரி அதிகம். திருச்சிப் பகுதியின் வழிபாட்டு நாட்காட்டி கோடையை எங்கே வைத்திருக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்குக் கோடைத் திருநாள் நடப்பது பங்குனி போன பிறகு. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி இருபத்தெட்டு நாள் அம்மனே பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். நீர்மோர், பானகம், இளநீர், துள்ளுமாவு இவைதான் அந்த நாட்களின் நிவேதனம். தெய்வத்துக்கே உடல் குளிர்விக்கும் ஆகாரம் என்று வகுத்தவர்கள் இந்த மண்ணின் வெயிலை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் கணித்த கோடை மாசிக் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். இப்போது தை முடிவதற்குள் மின்விசிறி மூன்றாம் எண்ணுக்குப் போய்விடுகிறது.

திருச்சியின் வெப்பநிலையை அளக்கும் வானிலை நிலையம் விமான நிலையத்தில் இருக்கிறது. பொன்மலைக்கு அது தொலைவில்லை. திறந்த வெளியில், தரையிலிருந்து ஆள் நெஞ்சு உயரத்தில், காற்றோட்டத்துக்குச் சட்டம் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் கருவி இருக்கும். அது தருவது நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலை. உலகம் முழுவதும் அப்படித்தான் அளக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் சரியான முறை. ஆனால் டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் கொதிக்கும் தாரைக் கொட்டிக்கொண்டிருப்பவரின் உடலில் ஏறும் சூடு அந்தப் பெட்டிக்குள் பதிவாவதில்லை. பொன்மலைப்பட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே குழந்தையைத் தூங்கவைக்க விசிறிக்கொண்டிருக்கும் தாய்க்கு நள்ளிரவில் எத்தனை டிகிரி என்பதும் அதில் இல்லை.

ரயில்வே இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. பொன்மலைக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. நீளநீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் சூடேறினால் நீளப் பார்க்கும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் ஒரு டிகிரி கூடினால் சுமார் 11.5 மில்லிமீட்டர் நீள வேண்டும். நீள இடமில்லாதபோது உள்ளே அழுத்தம் சேர்ந்து, ஓர் எல்லைக்கு மேல் பாதை பக்கவாட்டில் வளைந்துவிடும். காற்று 40 டிகிரியில் இருக்கும்போது வெயிலில் கிடக்கும் தண்டவாளம் 60ஐ நெருங்கும். அதனால் ரயில்வே காற்றின் எண்ணை நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. தண்டவாளத்தின் வெப்பநிலையையே அளக்கிறது. அழுத்தமில்லாமல் அதைப் பொருத்திய வெப்பநிலையைவிட 20 டிகிரி கூடிவிட்டால், விதிப்படி ஆள் இறங்கிப் பாதையைக் கண்காணித்து நடக்க வேண்டும். கோடை நண்பகலில் கையில் கொடியோடு பாதையோரம் நடந்துபோகும் டிராக்மேனை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள்.

இரும்புக்கு இவ்வளவு துல்லியமான கோடு போட்டாகிவிட்டது. அந்த இரும்பின் ஓரம் நடக்கும் மனித உடலுக்கு அப்படியொரு கோடு நம் சட்டத்தில் இல்லை. கூரைக்குக் கீழே வேலை செய்பவருக்காவது 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் காற்றோட்டத்துக்கும் வெப்பநிலைக்கும் ஒரு தனிப் பிரிவை ஒதுக்கியது. வானமே கூரையான கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தரைக்கடைக்காரருக்கும் நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டிக்கும் எந்தச் சூட்டில் வேலை நின்றாக வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கும் விதி தமிழ்நாட்டில் இல்லை. ஆண்டுதோறும் வருவது அறிவுரை. பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளியே வராதீர்கள் என்ற அறிவுரையைக் கேட்டு வீட்டில் இருந்துவிட்டால் அன்றைய கூலியை யார் தருவார்கள் என்று அறிவுரை சொல்வதில்லை.

உடல் பகலில் வாங்கிய சூட்டை இரவில் இறக்கிவைத்தாக வேண்டும். காற்றில் ஈரம் கூடி, இரவு 28, 29 டிகிரியிலேயே நின்றுவிட்டால் வேர்வை உலராது. தோலுக்கு ரத்தத்தை அனுப்பிக் குளிர்விக்கும் வேலையை இதயம் விடியவிடியச் செய்துகொண்டே இருக்கும். தூக்கம் ஆழமாகாது. முந்தைய நாளின் சூட்டோடும் களைப்போடும் மறுநாள் வெயிலில் போய் நிற்கும் உடல்தான் முதலில் சுருண்டு விழுகிறது. 2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேரை வெப்பம் பலிகொண்டபோது அதன் உச்சத்தில் பாரிஸ் இரவு 25.5 டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்தது. திருச்சியில் 25.5 டிகிரி இரவு என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் பாரிஸின் உடல்களும் வீடுகளும் அதற்குப் பழகியவையல்ல. இங்கும் அதேதான். பழகிய அளவுக்கு மேலே ஏறும் ஒவ்வொரு டிகிரியும் முதியவர்களையும் இதயநோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் முதலில் தேடி வரும்.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் சேர்ந்துவிட்டன. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களிடம் கருச்சிதைவு 5 விழுக்காடு. அப்படியில்லாத பெண்களிடம் 2 விழுக்காடு. வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் நிற்கும் பெண்களுக்கு வெயில் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் வெப்பம் இடம்பெறாதிருந்த நிலையில் இது நல்ல முடிவு, பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால் பணம் வருவது உயிர் போன பிறகு. அந்தப் பணமும் வெப்பத்தால் இறந்தார் என்று நிரூபித்தால்தான் வரும். வெப்பம் தன் பெயரில் கொல்வது அரிது. மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம் என்று வேறு பெயர்களில் வருகிறது, சான்றிதழிலும் அந்தப் பெயரே ஏறுகிறது. இரவில் தூக்கத்திலேயே போய்விட்ட முதியவரின் மரணத்தில் வெயிலைத் தேட யாருக்கும் தோன்றாது.

‘வெப்ப அலை’ என்று அறிவிப்பதற்கான வரையறையும் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களுக்குப் பொருந்துவதாக இல்லை. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூட வேண்டும். திருச்சியில் மே மாத இயல்பே 38 டிகிரியை ஒட்டி இருப்பதால் 42ஐத் தாண்டினால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். 41 டிகிரியும் புழுக்கமும் பத்து நாள் தொடர்ந்தாலும் ஏட்டில் வெப்ப அலை இல்லை. இரவுக்கும் ஒரு வரையறை உண்டு. பகல் 40ஐத் தாண்டி, இரவு இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் அது ‘வெப்ப இரவு’. மே மாத இரவுகள் இயல்பாகவே 26, 27 டிகிரியில் இருக்கும் ஊரில் அதற்கு இரவு முழுவதும் 31க்கு மேல் நிற்க வேண்டும். ராஜஸ்தானின் வறண்ட சமவெளிக்குச் சரியாக இருக்கக்கூடிய இந்த அளவுகோல், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஈரக்காற்றில் வாழ்பவர்களின் அவதியைக் கணக்கில் கொண்டுவராது. திருச்சிக்கும் கரூருக்கும் வேலூருக்கும் ஈரப்பதத்தையும் இரவையும் சேர்த்துக் கணக்கிடும் தனி எல்லைகள் வேண்டும். அகமதாபாத் அப்படித் தன் ஊருக்கென்று திட்டம் போட்ட நகரம். 2010 மே மாத வெப்பத்தில் அங்கே வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் தெற்காசியாவின் முதல் நகர வெப்பச் செயல்திட்டம் அங்கே வந்தது.

திருச்சி மாநகராட்சிக்கு மாதிரி தேட அகமதாபாத் வரைகூடப் போக வேண்டியதில்லை. பொன்மலை ரயில்வே காலனிக்குள் சித்திரை மாதத்து மாலையில் ஒரு நடை நடந்தால் போதும். அகலமான தெருக்கள், வீட்டைச் சுற்றி மண் தரை, வேம்பும் தூங்குமூஞ்சியும் கவிந்த நிழல். வெளியே வந்து நெடுஞ்சாலையைத் தொட்டதும் முகத்தில் வெக்கை அறைகிறது. மரம் நிழலை மட்டும் தருவதில்லை. இலை வழியே நீரை ஆவியாக்கிச் சுற்றியுள்ள காற்றின் சூட்டையும் எடுத்துக்கொள்கிறது. கான்கிரீட் தளமோ பகல் முழுவதும் சூட்டைக் குடித்து, நள்ளிரவு தாண்டியும் அறைக்குள் கக்கிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் முற்றம் அந்தச் சூட்டை மேலே அனுப்பியது. முற்றத்தை மூடித் தளம் போட்டு மாடி எடுத்த பிறகு அந்த வேலையை ஏசி செய்கிறது. அதன் சூடு அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் போகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை காணாத உச்சம். ஏசி வாங்க முடிந்தவர்களின் கோடை அந்த எண்ணுக்குள் இருக்கிறது. முடியாதவர்கள் மொட்டை மாடியில் கொசுவோடு படுத்துக்கொண்டார்கள்.

காலனியில் பழைய குவார்ட்டர்ஸ் இடிக்கப்படும்போதும், சாலை அகலமாகும்போதும், அங்குள்ள ஒவ்வொரு மரத்தையும் ஊரின் குளிர்சாதனச் சொத்தாகக் கணக்கில் எழுதிய பிறகே கோடரியை எடுக்க வேண்டும். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற ஈடு, இப்போது அந்த நிழலில் வாழ்கிறவருக்கு ஈடாகாது. கன்று நிழல் தர இருபது கோடை போக வேண்டும். அதுவரை ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளுக்கும் தளங்களுக்கும் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூச மாநகராட்சி பணம் ஒதுக்கலாம். பெரிய செலவில்லாத வேலை அது, ஒரே கோடையில் பலன் தெரியும்.

வேலைநேரத்துக்கு வருவோம். பொன்மலைக்குப் பக்கத்து ஓடுதளத்திலிருந்துதான் திருச்சி, புதுக்கோட்டை, பெரம்பலூர், தஞ்சை மாவட்டத்து இளைஞர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பறக்கிறார்கள். குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை. சிங்கப்பூர் 2023 அக்டோபரில் வெப்பத்தையும் ஈரத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் குறியீட்டைக் கொண்டுவந்தது. அது 32 டிகிரியை எட்டினால் கடின வேலை செய்பவருக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு கட்டாயம். அந்த நாடுகளில் விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்பது வேறு கேள்வி, அதில் குறைகள் நிறைய உண்டு. ஆனால் விதி இருக்கிறது, மீறினால் காட்டிப் பேச ஒரு தாள் இருக்கிறது. அண்ணன் குவைத்தில் வேலையை நிறுத்தி நிழலில் உட்காரும் அதே நண்பகலில் தம்பி அரியமங்கலத்தில் கலவை சுமக்கிறார்.

அவ்வளவு தூரம் போவானேன், கேரளம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தொழிலாளர் ஆணையர் கோடைதோறும் ஓர் ஆணை பிறப்பிக்கிறார். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு நண்பகல் 12 முதல் 3 வரை ஓய்வு. காலையிலும் மாலையிலும் வேலைநேரத்தை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். இதற்காகச் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் எதுவும் நிறைவேற்றப்படவில்லை. இருக்கும் குறைந்தபட்சக் கூலி விதிகளை வைத்தே செய்கிறார்கள். கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்யும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த தமிழ்நாட்டுக்கு இது கடினமான காரியம் அல்ல. கேரளத்தின் ஆணை 2025இல் நடைமுறைக்கு வந்த நாள் பிப்ரவரி 11. தமிழ்நாட்டின் ஆணையும் கத்திரி வெயிலுக்குக் காத்திராமல் பிப்ரவரியிலேயே வர வேண்டும். சாலைப்பணி, கட்டடப்பணி, நூறு நாள் வேலை என்று அரசின் பணம் செல்லும் எல்லா இடங்களிலும் முதலில் அது கட்டாயமாக வேண்டும்.